வெல்வெட் திரையும் வெள்ளைத் துணியும்

"நீ அங்க வந்தா, என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றார் கந்தப்பன்.

சனிக்கிழமை காலை. இஸ்திரிப் பெட்டியில் தணலை ஊதிக்கொண்டிருந்த சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. நீலம் போட்டுக் காயவைத்த வெள்ளைத் துணியை மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இறுக்கிய விதத்தில் கோபம் தெரிந்தது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

"அது எப்புடிங்கப்பா? பெத்த அப்பாவப் பாத்து, நீங்க யாருன்னு கேக்கச் சொல்றீங்களா?"

"கேக்க வேணாம். பாக்காம இருந்தாப் போதும். நீ ஹட்டன் கட மிஸ்ஸா வர்ற. ஒனக்கு நாக்காலி போடுவாங்க, தேத்தண்ணி குடுப்பாங்க. குடிச்சிட்டு, தெரயக் கட்டிட்டுப் போயிக்கிட்டே இரு. நான் ஒரு ஓரமா நின்னு எவ் வேலயப் பாத்துக்குறேன். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்ல."

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு தலையை நீட்டினாள். "எனக்கு ஒரு சங்கடம் இருக்கே. நாளைக்கி நானும் கல்யாணத்துக்கு வர்றேன். யாராச்சும் ஒம் புருசன் எவரு, மக எவளுன்னு கேட்டா நான் எந்தப் பக்கம் கையக் காட்டுறது?"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கந்தப்பன் சிரிக்கவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டார்.

மூங்கிலாத்துத் தேயிலைத் தோட்டத்தின் தலைவர் பொன்னையா வீட்டில் மறுநாள் கல்யாணம். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துத் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் துணிந்து பேசுகிறவர். அந்த வீட்டு மணவறைக்கு மேலே விதானமாக வெள்ளை கட்டுவது தோட்டத்து டோபி கந்தப்பனின் கடமை. பிள்ளை பிறந்தாலும், பெண் பெரியவளானாலும், ஆள் செத்தாலும், அந்தந்த நேரத்துக்குரிய வெளுத்த துணியோடு அவர் போய் நிற்க வேண்டும். அவர் கட்டும் வெள்ளைக்குக் கீழேதான் தாலி ஏறும். வெள்ளை இல்லாமல் கட்டிய தாலி குடும்பத்துக்கு ஆகாது என்று மேட்டு லயம், பணிய லயம் என்று வரிசை வீடுகளெல்லாம் ஒரே வாயாகச் சொல்லும். ஆனால் கட்டி முடித்த மறு நிமிஷம் கட்டியவர் பந்தலைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவருக்குத் தேத்தண்ணி கைப்பிடி உடைந்த ஒரு இனாமல் கோப்பையில் வரும். சோறு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, வாளியில்.

அதே மணவறைக்குப் பின்னால் தொங்கப்போகிற சிவப்பு வெல்வெட் திரையை வெட்டியவள் அந்தக் கந்தப்பனின் மகள். இது மட்டும் பொன்னையாவுக்குத் தெரியாது.

வடிவுக்கு இருபத்தாறு வயது. பத்தொன்பதில் கட்டுநாயக்காவுக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போனவள். முதல் இரண்டு வருஷம் சட்டைக் காலர் தைத்தாள். அப்புறம் லேசர் மெஷினுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கண் கெட்டுப்போகும் என்று மற்றப் பெண்கள் பின்வாங்க, இவள் கையைத் தூக்கினாள். அது ஒரு பெரிய பெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக ஒரு தட்டு. அதன்மேல் துணியை விரித்து மூடினால், மேலே ஒரு சின்னத் தலை குறுக்கும் நெடுக்குமாக ஓடி, கண்ணுக்குத் தெரியாத ஒளியால் துணியை வெட்டும். கத்தியும் இல்லை, கத்திரிக்கோலும் இல்லை. சாட்டின் துணியென்றால் வெட்டிய ஓரம் தானே உருகி ஒட்டிக்கொள்ளும். நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. பருத்தியென்றால் ஓரம் ரொட்டி கருகின மாதிரி பழுப்பாகும். வெல்வெட் இரண்டுக்கும் மேல். சூட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால் துணி வெட்டுப்படாது. மேலே இருக்கிற மயிர் மட்டும் உருகிப் படியும். சிவப்புக்குள்ளேயே இன்னொரு சிவப்பில் பூவோ எழுத்தோ எழும்பும். அதை முதல்முதல் பார்த்த அன்று வடிவு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் போர் மூண்டிருந்தது; கொழும்புப் பக்கம் தமிழர்களுக்குச் சோதனைக்குமேல் சோதனை. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், தங்கியிருந்த அறையைக் காலி செய்துகொண்டு தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். இனி கொழுந்து பறிக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தவள், அம்மாவுக்குச் சேலை எடுக்க ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த செல்லசாமியின் துணிக்கடைக்குப் போனாள். கடையின் பின்கட்டில் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஏதோ ஒன்று படுத்திருந்தது. அதன்மேல் நனைந்த குடைகளை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். மூடிப்போன ஒரு பக்டரியின் சாமான்களை ஏலம் விட்டபோது, இன்னதென்று தெரியாமலே செல்லசாமி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தது அது. நாலு மாதமாக யாருக்கும் அதை எழுப்பத் தெரியவில்லை.

வடிவு பெட்ஷீட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். "முதலாளி, இதுக்குள்ள எலி குடும்பம் நடத்துதுங்க."

"எலி கெடக்கட்டும். அது என்னா சாமான்னு ஒனக்குத் தெரியுமா?"

"நாலு வருஷம் நானும் இதோடதாங்க குடும்பம் நடத்துனேன்."

மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டாள். மெஷினைத் துடைத்து, கண்ணாடிகளைப் பஞ்சால் சுத்தப்படுத்தி, புகை போக ஜன்னல் வழியாகக் குழாய் விட்டாள். கட்டுநாயக்காவில் லேசர் குழல் சூடேறாமலிருக்கத் தண்ணீரில் ஐஸ் போட வேண்டும். ஹட்டனில் பைப்பைத் திறந்தால் வருவதே ஐஸ்தான். சிக்கல் தமிழில்தான் வந்தது. சாட்டின் துண்டொன்றில் முதலாளியின் பெயரை வெட்டிக் காட்டினாள். எழுத்துகளின் சுழியெல்லாம் கழன்று தட்டில் விழுந்து, பெயர் பொக்கை வாயாகச் சிரித்தது. "எம் பேருல பாதி கொட்டிப்போச்சே புள்ள" என்று செல்லசாமி துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழித்தார். படத்தை வெட்ட வேண்டும், பெயரைச் சுட வேண்டும் என்று அன்றைக்கு இருவரும் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் பள்ளிக்கூடக் கொடி, தேர்த் தொங்கல், ரவிக்கைக் கை, சேலைக்கரை என்று ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டமெல்லாம் அந்தப் பின்கட்டைத் தேடி வந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் பிளாஸ்டிக் கருகுகிற வாடைக்காக நாள்தோறும் ஒரு முறை வந்து சண்டை போட்டுவிட்டு, போகும்போது தன் மகளின் ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அப்படித்தான் பொன்னையாவும் மகள் பிரியந்தியோடு வந்தார். அவர் முன்கடையில் செல்லசாமியோடு உட்கார்ந்து அரசியல் பேச, பிரியந்தி மட்டும் பின்கட்டுக்கு வந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வடிவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள்.

"அக்கா, நீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் ஒரு மணி நேரம் படம் பார்த்தார்கள். எதிரெதிரே இரண்டு மயில், நடுவே கொடி, கொடிக்குக் கீழே பிரியந்தி, சுதாகரன் என்று இரண்டு பெயர். மயில் தோகையின் ஒவ்வொரு கண்ணும் ஓட்டையாக வெட்டுப்பட்டு, பின்னால் வைக்கிற வெள்ளைச் சாட்டின் அதன் வழியே மின்ன வேண்டும்.

"யாரு வெட்டுறாங்க?" என்று முன்கடையில் பொன்னையா கேட்டது உள்ளே காதில் விழுந்தது.

"கட்டுநாயக்காவுல பழகுன மிஸ் ஒருத்தவங்க இருக்காங்க தலைவரே" என்றார் செல்லசாமி. அவர் வியாபாரி. கேட்டதற்கு மேலே ஒரு சொல் சொல்ல மாட்டார்.

பிரியந்தி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாக்கிட்ட நான் சொல்லலக்கா. சொன்னா வேற கடைக்குக் கூட்டிப் போயிருவாரு. வேற கடையில மயில் இல்ல."

அவள் அதை வெட்கத்தோடுதான் சொன்னாள். வடிவுக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மயிலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இருவருக்கும் அது மறந்துபோயிற்று.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கடை வேன் பொன்னையா வீட்டு வாசலில் நின்றது. தோகை முழுக்க ஓட்டையாயிருந்ததால் திரையைக் கண்டபடி இழுத்துக் கட்டினால் மயிலின் கழுத்துக் கிழிந்துவிடும். அதனால் வெட்டியவளே வந்து கட்ட வேண்டியிருந்தது. பந்தலுக்குள் வாடகைக்கு எடுத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மிஸ், வாங்க" என்று பொன்னையாவே எதிரில் வந்தார். ஒரு நாற்காலியைத் தன் தோள்துண்டால் தட்டித் தட்டித் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க. ஏய், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொண்டாங்க."

வடிவு உட்கார்ந்தாள். சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு இந்த வீட்டுப் பின்பக்கத்துக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். பொன்னையாவுக்கு அவளைத் தெரியவில்லை. அதில் அதிசயமுமில்லை. டோபி வீட்டுப் பிள்ளைகளின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, மூட்டையைத்தான் பார்த்திருந்தார். மற்றவர்களுக்கும் அடையாளம் தெரியவில்லை; பத்தொன்பதில் போனவள், திரும்பியபிறகும் விடியுமுன் ஹட்டன் பஸ் ஏறி இருட்டியபின் வந்து இறங்குகிறவள்.

தேத்தண்ணி பீங்கான் கோப்பையில், கீழே தட்டோடு, ஒரு துண்டு கேக்கோடு வந்தது. பிறகு குடிக்கிறேன் என்று அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். இரண்டு இளவட்டங்கள் ஏணியில் ஏறி, அவள் சொல்லச் சொல்லக் கொக்கிகளை மாட்டினார்கள். திரை விரிந்து இறங்கியது. வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பொன்னையா கிட்டே போய் மகளின் பெயரை விரலால் தடவினார்.

"எழுத்து மெத்துன்னு பள்ளமா இருக்கே. எதுல எழுதுனது மிஸ்?"

"சூட்டுல எழுதுனதுங்க."

"அப்ப அழியாது?"

"துணி இருக்கிற வரைக்கும் இருக்கும்."

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் கினிகத்தேனையில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் கண்டிராத ஒன்று தன் வீட்டு மணவறையில் தொங்குகிறது. அந்தப் பூரிப்போடு வேலிப் பக்கம் திரும்பிச் சத்தம்போட்டார்.

"கந்தப்பா, எங்க போய் நிக்கிற? வந்து வெள்ளையக் கட்டு. நேரமாவுதுல்ல."

காலையிலிருந்து வேலியோரமாகவே நின்றிருந்த கந்தப்பன் மூட்டையோடு வந்தார். இளவட்டங்கள் ஏணியைவிட்டு விலகிக்கொண்டார்கள். அவர் ஏறினார். ஒரு கையில் துணி, மறு கையில் கயிறு, ஏணி ஆடிற்று. பிடிக்க யாரும் வரவில்லை. வடிவு போய்ப் பிடித்தாள்.

"விடு" என்றார் அவர் மேலேயிருந்து, உதடு அசையாமல்.

அவள் விடவில்லை. அறுபது வயதிலும் அவர் கை நடுங்காமல் நாலு மூலையும் இழுத்துக் கட்டியது. ஒரு சுருக்கமில்லாமல் வெள்ளை விரிந்து நின்றது. இறங்கியதும் அவளைத் திரும்பிப் பாராமல் பந்தலுக்கு வெளியே போய்விட்டார். யாரோ ஒருத்தி அந்த இனாமல் கோப்பையை வேலிக்கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள். கந்தப்பன் அதை எடுத்துக்கொண்டார். எடுத்தவர், பந்தலுக்கு முதுகைக் காட்டித் தேயிலை மலையைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தார். அவர் அதில் குடிப்பதை மகள் பார்க்கக்கூடாது. அதற்காகத்தான் அப்படி நின்றார்.

வடிவுக்கு அந்த முதுகைத் தாங்க முடியவில்லை. காலையில் சிரித்துச் சமாளித்தது இப்போது முடியவில்லை. தன் தேத்தண்ணியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு பந்தலின் ஓரத்துக்குப் போனாள்.

"அப்பா, உள்ள வந்து ஒக்காருங்க. இதக் குடிங்க, ஆறிப்போவுது."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் அது பந்தல் முழுக்கக் கேட்டது. அடுத்த பாட்டை யாரும் போடவில்லை.

"யாருக்கு மிஸ் அப்பா?" என்றார் பொன்னையா.

"எனக்குத்தாங்க. நான் சண்முகவடிவு. இவரு மக."

"டோபி மகளா நாக்காலியில ஒக்காந்திருந்தா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது.

பொன்னையா நாற்காலியைப் பார்த்தார். பிறகு தன் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். அதை எடுப்பதா, உதறுவதா, அப்படியே விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் குரல் மட்டும் வந்தது. "அந்தத் தெரயக் கழட்டுங்கடா."

இளவட்டங்கள் அசையவில்லை. "கழட்டிட்டு வேற என்னத்தக் கட்டுறது தலைவரே?" என்றான் ஒருவன்.

"கழட்டச் சொன்னாக் கழட்டுங்க" என்றாள் வடிவு. "எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு தலைவரே. மேல கட்டியிருக்கறது எங்கப்பா கையால வெளுத்தது, அவரு கையால கட்டுனது. அது இல்லாட்டித் தாலி ஏறாது. பின்னால தொங்குறது எவ் வேல. அதுல வெட்டு ஒண்ணுகூட எங் கையால வெட்டுனதில்ல, வெளிச்சத்தால வெட்டுனது. அது மட்டும் ஆகாது. ஒரே வீட்டு ஆளுங்க. எதுல தீட்டு ஒட்டுச்சு?"

"பேச்சு வேணாம். வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

"இருக்குங்க. ஆனா அந்த வழக்கம் துணிக்கு இல்ல. நாக்காலிக்குத்தான்."

பொன்னையா அவள் அப்பாவிடம் திரும்பினார். "என்னா கந்தப்பா, புள்ளய இப்புடியா வளத்து வச்சிருக்க?"

தன் வாழ்நாள் முழுக்கக் கந்தப்பன் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். இதற்காகவே மகளைக் குனிந்து நடக்கச் சொன்னார், பின்பக்கமாக வரச் சொன்னார், இன்று காலை தன்னைத் தெரியாதவளாக இருக்கச் சொன்னார். கேள்வி வந்தே விட்டது. வந்தபிறகு பார்த்தால் அதற்குப் பதில் ரொம்பச் சுலபமாக இருந்தது.

"ஆமாங்க தலைவரே" என்றார். "நாந்தான் வளத்தேன்."

இனாமல் கோப்பையை வேலிக்கல்லின்மேல் வைத்தார். நேரே பந்தலுக்குள் நடந்துபோய் ஏணியில் ஏறினார். வெள்ளையின் முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்னா செய்யிற?" பொன்னையாவின் குரல் மாறிப்போயிருந்தது.

"தெரயக் கழட்டச் சொன்னீங்களேங்க. வேன் நிக்கிது. ரெண்டையும் ஒண்ணாவே ஏத்திக்கிட்டுப் போயிர்றோம்."

பந்தலில் ஒரு சலசலப்பு. வயதான பெண்கள் சிலர் எழுந்துவிட்டார்கள். வெள்ளையைக் கழற்றுவது என்பது அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டிராத காரியம். கழற்றினால் கட்ட வேறு ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து டோபி கந்தப்பனின் மச்சான்.

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து பிரியந்தி வந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"கந்தப்பன் மாமா, அவுக்காதீங்க. கொஞ்சம் இருங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, ரெண்டும் இருந்த எடத்துலயே இருக்கட்டும். நாளைக்கி மாமாவும் அக்காவும் பந்தலுக்குள்ள எல்லாரோடயும் ஒக்காரணும், சாப்புடணும். இல்லாட்டி நான் மணவறைக்கு வரல."

"என்னா புள்ள பேசுற நீ? மாப்ள வீட்டுல என்னா சொல்லுவாங்க?"

"அவங்களுக்கு யாரு டோபி, யாரு தலைவருன்னு எப்புடித் தெரியும்? நீங்க சொன்னாத்தான் தெரியும்." திரையைக் காட்டினாள். "அதோட, பேரச் சுட்டாச்சுப்பா. இனி அழியாதாம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு நாலு பேருக்குப் பரவியது. பொன்னையா பந்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முடியாது என்றால் மகள் வரமாட்டாள். அவள் குணம் அவருக்குத் தெரியும், அது அவருடைய குணம்தான். சரி என்றால் டோபி கந்தப்பன் தனக்குச் சரிசமமாக நாற்காலியில் உட்காருவான். அதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாசலுக்கும் மணவறைக்குமாக நாலு நடை நடந்தார். பிறகு நின்றார். முகத்தில் ஒரு தெளிவு.

"சரி, உள்ள ஒக்காரட்டும்" என்றார். "ஆனா நாளைக்கி இந்தப் பந்தல்ல நாக்காலியே வேணாம். எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்துட்டுப் பாய் எடுத்துக்கிட்டு வாங்க. பாயில ஒக்காந்து சாப்புடறதுதான் நம்ம பரம்பரை வழக்கம்."

இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். கந்தப்பன் அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் போட்டார்.

வடிவுக்கு முதலில் விளங்கவில்லை. வேன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி வளைவில் இறங்கும்போதுதான் விளங்கியது. கந்தப்பன் எப்போதும் தரையில் உட்காருகிறவர். நாளைக்கும் தரையில்தான் உட்காருவார். தலைவரின் கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது. அதற்காகக் கணக்கப்பிள்ளை, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, கினிகத்தேனைச் சம்பந்தி, தலைவர் எல்லாருமே தரையில் உட்காரப்போகிறார்கள். பக்கத்திலிருந்த அப்பாவிடம் அதைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. சாரதி வேனை ஓரமாக நிறுத்தி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மறுநாள் வெயில் நல்லபடியாக அடித்தது. பத்து மணிக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயைப் பார்த்ததும் கிழவர்கள் மகிழ்ந்துபோனார்கள். "இந்தக் காலத்துல யாருங்க பாய் போடுறாங்க?" என்று சம்பந்தி பொன்னையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். காற்சட்டை இறுக்கமாகப் போட்டு வந்த கணக்கப்பிள்ளைதான் உட்காரச் சிரமப்பட்டார். அம்மாக்கண்ணு ஊதாச் சேலையில், பந்தலின் நடுவில், யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் கந்தப்பனும் வடிவும்.

தோட்டத்துப் பள்ளிக்கூட அதிபர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்தவர் உட்காராமல் திரைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அட, நல்ல வடிவு" என்றார்.

வடிவு எழுந்து போனாள். "கூப்புட்டீங்களா சேர்?"

"இல்லைப் பிள்ளை, இந்தத் திரையைச் சொன்னனான். ஆர் செய்தது?"

"நாந்தாங்க சேர்."

"உம்மட பேர் என்ன?"

"வடிவுங்க."

யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "நீர் ஆரிட பிள்ளை?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சம்பந்தியும் அதே கேள்வியோடு பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம கந்தப்பன் மகளுங்க" என்றார். நம்ம என்கிற சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே தெரியாது.

தாலி ஏறியதும் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மேடு பள்ளம் பாராமல், பெரியவர் சிறியவர் என்று பிரிக்காமல், அனைவரையும் ஒரே பாயில் அமரச் செய்த தலைவர் பொன்னையா அவர்கள் இந்த மலையகத்துக்கே ஒரு வழிகாட்டி என்றார். வேற்றுமையை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் பேசுவோர் பலர், தம் வீட்டில் செய்து காட்டியவர் இவர் ஒருவரே என்றார். கைதட்டல் ஓயவில்லை. சம்பந்தி எழுந்து ஒரு பொன்னாடை போர்த்தினார். பொன்னையா கும்பிட்டபடி நின்றார். மறுக்கவும் முடியவில்லை, மகிழவும் முடியவில்லை. பந்தலிலேயே பலமாகக் கைதட்டியவள் அம்மாக்கண்ணு.

"போதும்மா" என்றாள் வடிவு.

"தட்டட்டும் விடு" என்றார் கந்தப்பன். "அடுத்த கல்யாணத்துல நாக்காலிய எறக்குறதுக்கு மனசு கூசும்ல."

கூசாது என்று வடிவுக்குத் தெரியும். நாற்காலி திரும்பவும் வரும். இனாமல் கோப்பையும் எங்கேயோ கழுவிக் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அப்பா இனி அதில் குடிக்கமாட்டார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பந்தி போட்டார்கள். தலைவரும் எங்களோடு உட்கார வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடித்த பிடியில் நின்றார்கள். இவ்வளவு புகழ்ந்தபிறகு மாட்டேன் என்பது எப்படி? இடம் தேடினார். எல்லா இலைக்கும் ஆள் வந்திருந்தது. கந்தப்பனுக்கு வலது பக்கத்தில் மட்டும் ஒரு இலை காலியாக இருந்தது. பொன்னையா பொன்னாடையோடு அதில் உட்கார்ந்தார். சாம்பார் வாளி வந்தபோது இருவருக்கும் ஒரே கரண்டியால் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் சங்கடம் வந்தது. பல வருஷமாக நாற்காலியைவிட்டு இறங்காத முழங்கால் பொன்னையாவுடையது. மடங்கிவிட்டது, நிமிர மறுத்தது. ஒரு தடவை ஊன்றிப் பார்த்தார், இரண்டாம் தடவையும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவப் போய்விட்டிருந்தார்கள். பக்கத்தில் கந்தப்பன் ஒருவர்தான்.

"கந்தப்பா" என்றார் மெதுவாக. "எந்திரிக்க முடியல. கொஞ்சம் கையக் குடு."

இந்தக் குரலில் ஒரு கூப்பாடு வந்தால் அப்பா எப்படி எழுந்து ஓடுவார் என்று வடிவு இருபத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். வாயில் போட்ட சோற்றை விழுங்காமல் ஓடியிருக்கிறார். காய்ச்சலில் போர்வையை உதறிவிட்டு ஓடியிருக்கிறார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தப்பன் எழவில்லை. பாயாசக் கோப்பை அவர் கையில் பாதி நிறைந்திருந்தது. அதில் ஒரு முந்திரிப் பருப்பு மிதந்தது.

"இந்தா குடுக்குறேங்க தலைவரே" என்றார். "பாயாசத்தக் குடிச்சிர்றேன்."

சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தார். ருசி பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார். அவசரப்படாமல்.